நாற்பத்தொரு விநாடி

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தால் தானே பேசி ஆட்டத்தை நடத்தும் விளையாட்டுகள் விற்பனைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. செண்பகவல்லி அவற்றில் ஒன்றைக்கூட வாங்கியதில்லை. ஆனால் தன்னுடைய விளையாட்டை எப்படி விற்பது என்று முடிவு செய்ய அவளும் இர்ஃபானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தபோது, பேச்சு அங்கேதான் போய் நின்றது.

விளையாட்டின் பெயர் 'ஏழாம் மதகு'. அறுபத்துநான்கு பக்கப் புத்தகம், தொண்ணூறு அட்டைகள், துணியில் அச்சிட்ட ஓர் அணையின் வரைபடம், இரண்டு பகடைகள். மூன்று பேர் அணையின் ஊழியர்களாக விளையாட வேண்டும். நான்காவது ஆள் கதைசொல்லி. மழை பெய்கிறது, நீர்மட்டம் ஏறுகிறது, எந்த மதகை எப்போது திறப்பது என்று மூவரும் முடிவெடுக்க வேண்டும். ஆறு மதகுகள் ஆற்றில் திறக்கும். ஏழாவது ஒரு பழைய வாய்க்காலில் திறக்கும். அந்த வாய்க்காலின் கரையில் ஓர் ஊர் இருக்கிறது. கதைசொல்லி மழையையும், அதிகாரிகளின் உத்தரவுகளையும், ஊர்க்காரர்களின் கெஞ்சலையும் பேசிக் காட்டுவார். மற்ற மூவரும் தங்கள் பாத்திரமாகவே இருந்து பதில் சொல்ல வேண்டும்.

வல்லிக்கு நாற்பத்தொரு வயது. நீர்வளத் துறையில் வரைவாளர். நான்கு வருடம் ஓர் அணையின் அலுவலகத்தில் நீர்மட்டம் பார்த்துக் குறித்தவள். விளையாட்டை எழுதியது அவள். படம் வரைந்து, அட்டை அடித்து, பெட்டி செய்தது இர்ஃபான். மேலப்பாளையத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தான்.

"பெட்டிய நாமளே பார்சல் போட்டா மாசத்துக்கு மூணு போவும்," என்றான் இர்ஃபான். "பி.டி.எஃப்பா போட்டா முதல் நாள் பத்து பேர் வாங்குவாங்க. ரெண்டாம் நாள் அதுல ஒருத்தன் எல்லாருக்கும் சும்மா அனுப்பிருவான். ரெண்டையும் செஞ்சு பாத்தாச்சு."

செய்து பார்த்தது உண்மைதான். அச்சடித்த இருநூறு பெட்டிகளில் விற்ற முப்பது போக மற்றவை கடையின் பரணில் இருந்தன. வாங்கியவர்களுக்கு வல்லி ஒருமுறை எழுதிக் கேட்டாள், விளையாடினீர்களா என்று. பதினோரு பேர் பதில் போட்டார்கள். அவர்களில் விளையாடியவர்கள் இருவர். மற்றவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கதைசொல்லியாக உட்கார ஆள் இல்லை. அறுபத்துநான்கு பக்கம் படித்துவிட்டு மூன்று மணி நேரம் மற்றவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கும் பொறுமை எல்லா வீட்டிலும் ஒருவருக்கு இருப்பதில்லை.

'களம்' என்ற விற்பனைத் தளம் அந்த ஆளைச் செய்து கொடுத்தது. விளையாட்டை எழுதியவர் தன் நண்பர்களோடு ஆடிய ஒலிப்பதிவுகளைக் குறைந்தது நூறு மணி நேரம் கொடுக்க வேண்டும். களம் அதைக் கேட்டு ஒரு கதைசொல்லியை உருவாக்கும். எழுதியவரின் குரலில், அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, வாங்கியவர் வீட்டு மேசையில் அது ஆட்டத்தை நடத்தும். அட்டைகளையும் வரைபடத்தையும் வாங்குகிறவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"நம்மகிட்ட நூத்திப்பன்னெண்டு மணி நேரம் இருக்கு," என்றான் இர்ஃபான். விதிகளில் எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்பதற்காக அவன் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்து வைத்திருந்தான்.

"என் குரல் எனக்குத் தெரியாதவங்க வீட்ல போய் உக்காரணுமா?"

"உன் புத்தகம் மட்டும் தெரிஞ்சவங்க வீட்டுக்கா போவுது?"

"மத்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்," என்றாள். "அவங்க பேச்சும் அதுல இருக்கு."

மற்ற இருவரில் ஒருவர் இர்ஃபானின் மச்சான் நாசர். தோஹாவுக்கு வேலைக்குப் போய்விட்டவர். அன்றே சம்மதம் அனுப்பிவிட்டார். இன்னொருத்தி ஜெசிந்தா.

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நர்ஸ்கள் சங்கத்துக்கு பேனர் அடிக்கக் கடைக்கு வந்தவள், மேசையில் விரித்திருந்த அணையைப் பார்த்து இது என்ன என்று கேட்டு, உட்கார்ந்து, பிறகு மாதம் இரண்டு முறை பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். வல்லியைவிட ஏழு வயது சின்னவள். ஆட்டத்தில் எப்போதும் மதகு இயக்குபவர் பாத்திரத்தைத்தான் எடுப்பாள்.

விளையாட்டில் ஓர் அட்டை உண்டு. அதன் தலைப்பு 'சொல்லாதது'. அட்டையின் மற்ற பகுதி வெற்றாக இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பாத்திரம் யாரிடமும் சொல்லாத ஒன்றை அதில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டும்போது அதை எடுத்து வாசிக்க வேண்டும். பத்தொன்பதாவது பதிவில் ஜெசிந்தா வாசித்தது இது:

"மழை பெஞ்ச அன்னைக்கு என் தம்பி மூணு தடவை போன் பண்ணுனான். அவன் மேல கோவத்துல நான் எடுக்கல. நாலாவது தடவை அவன் பண்ணல."

அதன்பின் மேசையில் யாரும் பேசவில்லை. பிறகு இர்ஃபான் பகடையை உருட்டினான், ஆட்டம் தொடர்ந்தது. அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஜெசிந்தா வல்லியிடம், தான் எழுதியது கற்பனை இல்லை என்றாள். தம்பி பெயர் ரொசாரியோ. வீட்டில் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அதனால் அக்காவும் தம்பியும் ஐந்து மாதம் பேசவில்லை. மழை வெள்ளத்தின்போது தரைப்பாலத்தில் பைக்கோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். எதற்காகக் கூப்பிட்டான் என்று யாருக்கும் தெரியாது. இதை வல்லி இர்ஃபானிடம் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சம்மதப் படிவத்தைக் கொடுத்தபோது ஜெசிந்தா அதை முழுவதும் படித்தாள். பிறகு கேட்டாள். "நான் சொன்னதெல்லாம் அதுல இருக்குமாண்ணே?"

"உன் குரல் எங்கயும் வராது," என்றான் இர்ஃபான். "வல்லி குரல் மட்டுந்தான் கேக்கும். உங்க பேச்செல்லாம், ஆடுறவங்க எப்படிப் பதில் சொல்லுவாங்கன்னு அது புரிஞ்சிக்கிடறதுக்கு. அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லை. வல்லி அதைக் கவனித்தாள். கவனித்தும் பேசாமல் இருந்தாள். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள்.

*

'ஏழாம் மதகு' களத்தில் வெளிவந்த மூன்றாவது வாரத்தில் முகப்புக்கு வந்தது. மலேசியாவில், யாழ்ப்பாணத்தில், துபாயில், டொரண்டோவில் வாங்கினார்கள். சென்னையில் அலுவலகக் குழுக்கள் வாங்கின. இர்ஃபான் இரண்டு ஆட்களைச் சேர்த்து, அட்டை வெட்டப் புது இயந்திரம் வாங்கினான். அலுவலகத்தில் வல்லியின் மேலதிகாரி தன் மகள் வீட்டில் அவள் குரலைக் கேட்டதாகச் சொன்னார். கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறீர்கள் என்றார்.

ஆறாவது மாதம் ஈப்போவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதினார். விளையாட்டு தன் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று ஆரம்பித்து இப்படி முடித்திருந்தார்: 'அந்த போன் அடிக்கும் இடத்தில் என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். எப்படி அம்மா அதை எழுதினீர்கள்?'

வல்லி கடிதத்தை மறுபடி படித்தாள். அவளுடைய அறுபத்துநான்கு பக்கத்தில் எங்கும் போன் இல்லை. அணையில் வயர்லெஸ்தான் இருந்தது.

களத்தில் வந்திருந்த கருத்துரைகளைத் தேடிப் படித்தாள். போனைப் பற்றி நானூறுக்கு மேல் இருந்தன. மறுநாள் கடை வேலையாட்களையும் இர்ஃபானையும் உட்காரவைத்து, முதல்முறையாகத் தன் விளையாட்டைத் தான் நடத்தாமல் பக்கத்தில் நின்று கேட்டாள். இரண்டு மணி நேரம் எல்லாம் சரியாகவே போனது. நீர்மட்டம் சிவப்புக் கோட்டை நெருங்கியது. நான்காம் மதகின் சங்கிலி அறுந்தது. மதகு இயக்குபவராக இருந்த பெண் அட்டைகளை அவசரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது வல்லியின் குரல், அவள் ஒருபோதும் பேசியிராத ஒரு வரியைப் பேசியது.

"உங்க சட்டைப் பையில போன் அடிக்குது. பேர் தெரியுது. உங்க தம்பி."

அந்தப் பெண் எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, குரல் சொன்னது. "ரெண்டாவது தடவை அடிக்குது."

இர்ஃபான் ஒலிபெருக்கியை அணைத்தான்.

களத்தில் எழுத்தாளர் தொடர்புக்கு இருந்தவர் நவநீதன் என்ற சென்னைக்காரர். வல்லி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"மேடம், உங்க தோழி சொன்னதை அது மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கல. அது வேற மாதிரி வேலை செய்யும். ஒரு ஆட்டத்துல எந்த இடம் மேசையைக் கட்டிப் போடுதுன்னு பார்க்கும். உங்க நூத்திப்பன்னெண்டு மணி நேரத்துல, பத்தொன்பதாவது பதிவுல, நாற்பத்தொரு விநாடி யாரும் பேசல. யாரும் எழுந்தும் போகல. மொத்தப் பதிவுலயும் அதைவிடப் பெரிய மௌனம் இல்ல. உங்க கதைசொல்லி ஒவ்வொரு மேசையிலயும் அந்த மௌனத்தைக் கொண்டுவரப் பார்க்குது. அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு அதுக்குத் தெரியும். அதனால போன்."

"அதை எடுத்துருங்க."

"அந்தப் பதிவை நீக்கிட்டுப் புதுசா செய்யலாம். ஆனா ஏற்கெனவே வாங்கினவங்ககிட்ட இருக்கிறது அவங்களோடது, அதைத் திரும்ப வாங்க எங்களுக்கு உரிமை இல்ல. இன்னொரு வழி, எழுதினவர் ஒரு பக்கம் புது விதி சேர்க்கலாம். அது எல்லா மேசைக்கும் போகும், கதைசொல்லி அதை மீறாது."

"போன் கூடாதுன்னு எழுதிட்டா?"

"போன் வராது. கதவு தட்டும். இல்ல, கடுதாசி வரும்." நவநீதன் சிறிது யோசித்தார். "அது தேடுறது போனை இல்ல மேடம்."

*

"ஜெசிந்தாகிட்ட சொல்லாத," என்றான் இர்ஃபான். "அவ இதை வாங்கப் போறதில்ல. அவ பேரு எங்கயும் இல்ல. நீ போய்ச் சொன்னாத்தான் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்யப் போறா?"

"அவ கேட்டாளே, இருக்குமான்னு."

"ஆமா, கேட்டா." இர்ஃபான் மேசையில் இருந்த மைக்கறையைத் துணியால் தேய்த்தான். அது பழைய கறை. "எனக்கு அன்னைக்கே தெரியும் வல்லி, நான் வேற பதில் சொன்னேன்னு. மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தேன்."

வியாழக்கிழமை வல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். மருத்துவமனை கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா சீருடையிலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள். வல்லி சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் ஜெசிந்தா கடைசியில்.

"எப்படி?"

"எங்க நர்ஸ் ஹாஸ்டல் பிள்ளைங்க வாங்கியிருக்காங்க. ரெண்டு மாசம் முன்னாடி, சிஸ்டர் நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டாங்க. உங்க குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பா வந்தது. அப்புறம் போன் அடிச்சது."

"உனக்கா?" என்றாள் வல்லி.

"எனக்கு அடிக்கல. பக்கத்துல இருந்த பிள்ளைக்கு. இருபத்திமூணு வயசு, ஸ்டெல்லான்னு பேரு. அவ எடுத்துட்டா."

"என்ன சொல்லிச்சு?"

"உங்க குரல்தான். ஆனா தம்பி மாதிரி பேசிச்சு. 'அக்கா, வேலையா இருக்கியா? ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.' அவ்வளவுதான், வச்சிட்டான்." ஜெசிந்தா மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் ஓரமாகத் தள்ளினாள். "ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். உங்க மேல அவ்வளவு கோவம். நான் கேட்டேன்ல அக்கா. இருக்குமான்னு வாயத் தொறந்து கேட்டேன்ல."

"கேட்ட. அண்ணன் வேற பதில் சொன்னான். எனக்கு அது தெரிஞ்சது. நான் சும்மா இருந்தேன்."

"ஏன்?"

"முப்பது பெட்டிக்கு மேல போகணும்னு இருந்தது," என்றாள் வல்லி.

ஜெசிந்தா தலையாட்டினாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மன்னிக்காததாகவும் தெரியவில்லை. மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பவள் போல, கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்ற அளவில் இருந்தது அது.

"நிறுத்திரலாம்," என்றாள் வல்லி. "வித்ததைத் திரும்ப வாங்க முடியாது. இனிமே விக்காம இருக்கலாம். நீ சொன்னா இன்னைக்கே எழுதிக் குடுக்கேன்."

"அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். எத்தனை பேர் எடுக்காங்க?"

"என்ன?"

"அந்த போனை. எத்தனை மேசை ஆடியிருக்கு, அதுல எத்தனை பேர் எடுக்காங்க, எத்தனை பேர் விடுதாங்க. அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட கணக்கு இருக்கும்ல?"

வல்லி அங்கிருந்தே நவநீதனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவில் வைத்தாள். அவர் தேடிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது.

"ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் மேடம். பத்துல மூணு பேர் எடுக்கறாங்க. ஏழு பேர் எடுக்கல."

ஜெசிந்தா முதுகை நாற்காலியில் சாய்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. வல்லி இணைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினாள்.

"ஆனா இந்த எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க," என்றார் நவநீதன். "எடுத்துப் பேசிட்டா ஆட்டம் இளகிடுது. மௌனம் வர்றதில்ல. அதனால கதைசொல்லி போகப் போக நேரம் பார்த்து அடிக்கக் கத்துக்கிட்டது. ஆடுறவங்க கை நிறைய வேலை இருக்கறப்போ மட்டும் அடிக்குது. முதல் மாசத்துல பத்துல ஆறு பேர் எடுத்திருக்காங்க."

வல்லியின் விரல் போனுக்கு மேலே நின்றது. நவநீதன் நன்றி சொல்லி அவரே வைத்துவிட்டார்.

வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்கும் என் கை சும்மா இல்ல அக்கா," என்றாள். "வார்டுல பதினாறு பேர். கீழ்த்தளத்துல தண்ணி ஏறிருச்சு, அங்க இருந்தவங்களையும் மேல கொண்டாந்துட்டாங்க. முதல் தடவை அடிச்சப்போ ஒரு பாட்டிக்கு ஊசி ஏத்திட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சிருந்தேன். கோவத்துல எடுக்கலன்னு சொன்னேன் பாருங்க, அது நானா வச்சிக்கிட்டது. கோவம்னா ஒரு காரணமாவது இருக்கு. வேலையா இருந்தேன்னு சொன்னா, அதுக்காகவா ஒரு உசுரு போச்சுன்னு இருக்கும்."

"ஜெசி."

"நிறுத்த வேண்டாம். ஒரு பக்கம் எழுதலாம்னு சொன்னாருல்ல. போன் அடிக்கும்போது தண்ணி ஏறக்கூடாதுன்னு எழுதுங்க. ஆட்டத்தோட கடிகாரம் நிக்கணும். யாருக்கும் வேலை இருக்கக்கூடாது. எடுக்கணும்னா எடுக்கலாம், வேண்டாம்னா விடலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம். அப்போ எத்தனை பேர் எடுக்காங்கன்னு எனக்குப் பாக்கணும்."

"தெரிஞ்சிக்கிட்டு?"

"தெரியல. பாக்கணும்."

*

அந்த விதியை வல்லி ஆறு வரியில் எழுதினாள். அதைப் படித்ததும் இர்ஃபான் சொன்னான். "இதோட ஆட்டம் படுத்துரும். மூணு மணி நேரம் ஏத்திக்கிட்டு வந்த பதட்டத்தை நடுவுல இறக்கி வைக்கச் சொல்லுத."

"ஆமா."

"முகப்புல இருந்து தூக்கிருவாங்க."

"ஆமா."

அவன் புது இயந்திரத்தையும், அதன் அருகே அட்டைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தான். "கல்யாணப் பத்திரிகை ஆர்டர் ஏதாவது பிடிக்கேன்," என்றான். "அனுப்பிரு."

அவன் சொன்னபடியே நடந்தது. விதி போய்ச் சேர்ந்த பத்து நாளில் நட்சத்திரங்கள் குறைந்தன. நடுவில் தொய்கிறது, முன்பிருந்த வேகம் இல்லை, போன் காட்சியைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். களம் 'ஏழாம் மதகை' முகப்பிலிருந்து எடுத்து, தேடினால் மட்டும் கிடைக்கும் வரிசையில் வைத்தது. ஈப்போ ஆசிரியை மட்டும் மறுபடி எழுதினார். கணவர் இந்த முறை எழுந்து போகவில்லை என்று ஒரே வரி. இர்ஃபானின் கடையில் அட்டை வெட்டும் இயந்திரம் வாரத்தில் இரண்டு நாள் கல்யாணப் பத்திரிகை வெட்டியது. வல்லி அலுவலகத்தில் ஒரு வாய்க்காலின் குறுக்குவெட்டுப் படத்தை மூன்றாம் முறையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். யாரும் அவள் குரலைப் பற்றி இப்போது பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து நவநீதன் கணக்கை அனுப்பினார். ஆட்டங்கள் ஆயிரத்து நூறுதான். கடிகாரம் நிறுத்தப்பட்டு, அவசரம் எதுவும் இல்லாத நிலையில், பத்தில் ஆறு பேர் போனை எடுத்திருந்தார்கள். நான்கு பேர் எடுக்கவில்லை. அவர் தாமாகவே இன்னொன்றும் சேர்த்திருந்தார். எடுக்காதவர்கள் அந்த நேரத்தில் மேசையில் என்ன பேசினார்கள் என்பது, பெயரும் ஊரும் நீக்கி, ஒருவருக்கு ஒரு வரியாக.

வல்லி அதை அப்படியே அச்செடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். ஜெசிந்தாவுக்குப் பணி தொடங்க இருபது நிமிடம் இருந்தது. இருவரும் நர்ஸ்கள் உடைமாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா முதலில் எண்ணைப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி வரிகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

பெரும்பாலானவை சாதாரண வரிகள். 'இது ஏதோ பொறி, எடுக்காதே.' 'எடுத்தால் வீட்டுக்கு வா என்பான்.' 'முதலில் மதகு.' 'எனக்குத் தம்பியே கிடையாது.' ஜெசிந்தா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிவந்தாள். மூன்றாவது பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

வல்லி எட்டிப் பார்த்தாள். 'விடு, அவனே அப்புறம் கூப்பிடுவான்' என்று இருந்தது.

"மூணாவது தடவை அடிச்சப்போ டீ குடிச்சிட்டு இருந்தேன் அக்கா," என்றாள் ஜெசிந்தா. "எல்லா வேலையும் முடிஞ்சிருந்தது. கோவமும் இல்ல. பேரைப் பாத்தேன். இதைத்தான் நெனைச்சேன்."

தாளை அவள் கையிலேயே வைத்திருந்தாள். "இது எந்த ஊர்னு போடமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது."

"சரி."

மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. காலைப் பணி முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜெசிந்தா எழுந்து, மூன்றாவது பக்கத்தை மட்டும் பிரித்து நான்காக மடித்துக்கொண்டு, மற்ற தாள்களை வல்லியிடம் திருப்பிக் கொடுத்தாள். வார்டுக்குள் போகும் வழியில், எதிரே வந்த ஸ்டெல்லாவை நிறுத்தி, பன்னிரண்டாம் படுக்கைக்குக் காலையில் எத்தனை முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.